கோடையில ஆத்து ஸ்மால்மவுத் கடிக்கலையா? அறிகுறிய பாத்து லூர் மாத்துற வழி

மீன் கடிக்கலைன்னா உடனே லூர், அதாவது செயற்கை இரை வச்சிருக்கற டப்பாவ திறந்து வேற கலர் தேடுறது தான் முக்கால்வாசி பேர் பண்றது, அதை தயவுசெஞ்சு கடைசியா வச்சுக்கங்க. ஆத்துல ஸ்மால்மவுத் பாஸ் (வட அமெரிக்க நன்னீர் மீன்) கல்லுக்குப் பின்னாடியோ இழுப்போட ஓரத்துலயோ நின்னுக்கிட்டு தண்ணி கொண்டு வர்றதை எடுத்து சாப்பிடற மீன். அது நிக்கிற ஆழத்துல, நிஜமான இரை எந்த வேகத்துல வருமோ அந்த வேகத்துல லூர் வந்துச்சுன்னா கலர் முன்னப்பின்ன இருந்தாலும் அடிச்சிரும். ஆழமும் வேகமும் தப்பா இருந்தா கடையில இருக்கற அத்தனை கலரையும் போட்டாலும் ஒண்ணும் நடக்காது. அதனால மாத்துற வரிசை இது தான்: முதல்ல இடம், அப்புறம் எடை, அப்புறம் வேகம், அப்புறம் சைஸ், அப்புறம் உருவம், எல்லாம் பாத்து முடிச்ச பிறகு கலர். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டு மூணை சேத்து மாத்திட்டா கடி வந்தாலும் எதால வந்துச்சுன்னு தெரியாம போயிரும்.

நான் சொல்றதெல்லாம் அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல ஓடுற சஸ்குவெஹன்னா, ஜூனியாட்டா மாதிரி ஆறுகளை வச்சு. அகலம் அதிகம், ஆழம் கம்மி, அடியில முழுக்க பாறை, குறுக்க குறுக்க பாறைத் திட்டு. வர்ஜீனியாவுல ஜேம்ஸ், ஷெனன்டோவா, மேரிலாண்ட் பக்கம் பொட்டோமாக் எல்லாம் கிட்டத்தட்ட இதே குணம் தான். இந்த கிழக்குப் பக்க ஆறுகளுக்கு ஸ்மால்மவுத் சொந்த மீன் கிடையாது, பொட்டோமாக்குக்கு 1854-ல ரயில் இஞ்சினோட தண்ணித் தொட்டியில போட்டுக் கொண்டுவந்து விட்டது. ஆனா பாறையும் க்ரேஃபிஷும் (கொடுக்கு வச்ச, இறால் மாதிரி நன்னீர் பிராணி) பொடி மீனும் கொட்டிக் கிடக்கறதால ஊர்க்காரனாவே ஆயிடுச்சு.

டப்பாவுல என்ன இருந்தா போதும்னு முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ எல்லாமே இதைச் சுத்தி தான் வரும். மூணரை இன்ச் ட்யூப் (உள்ள கூடான, வால் நார் நாரா இருக்கற மெத்து ப்ளாஸ்டிக்), நெட் ரிக்குக்கு (தட்டைத் தலை ஜிக்குல குட்டை ப்ளாஸ்டிக்) ரெண்டே முக்கால் இன்ச் ப்ளாஸ்டிக், நாலு அஞ்சு இன்ச் சென்கோ மாதிரி குச்சிப் புழு, பொடி மீன் உருவத்துல இருக்கற மெத்து ப்ளாஸ்டிக் ஃப்ளூக், மூணு இன்ச் ஆடுற வால் இருக்கற சின்ன ஸ்விம்பெய்ட், மேல மிதக்குற ஒரு பாப்பர், வால் சுத்தி சத்தம் போடுற ஒரு வூப்பர் ப்ளாப்பர் 90 சைஸ், தண்ணி மேல ப்ளேடு சுத்துற ஒரு பஸ்பெய்ட், தண்ணிக்குள்ள ப்ளேடு சுத்துற ஒரு ஸ்பின்னர்பெய்ட், வெட்டி வெட்டி இழுக்கற மீன் உருவ ஜெர்க்பெய்ட் ஒண்ணு, இழுத்தா ஆடிக்கிட்டே முங்குற, ஆழம் போகாத சின்ன க்ராங்க்பெய்ட். இதுக்கு மேல ஆசைக்கு வாங்கறது. ஆனா ஜிக் தலையில (முள்ளோட சேந்த எடைத் தலை) மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க, 1/16, 3/32, 1/8, 3/16, 1/4 அவுன்ஸ் அத்தனையும் வச்சுக்கங்க, கோடை ஆத்துல பாதி பிரச்சனைக்கு மருந்து அங்க தான் இருக்கு. லைன் 10 பவுண்ட் ப்ரெய்ட் (பின்னின நூல்), அதுக்கு முன்னாடி 6 இல்ல 8 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னாடி கட்டுற, தண்ணியில தெரியாத முனை நூல்).

காலையில இருந்து ஒரு தட்டு கூட இல்ல

லூரை தொடாதீங்க, முதல்ல தண்ணிய பாருங்க. தெர்மாமீட்டர் ஒண்ணு சட்டைப் பையில கிடக்கட்டும். 70-லிருந்து 78 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள இருந்தா மீன் நல்லா ஓடியாடி தின்னுட்டு இருக்கும். 80-ஐ தாண்டிருச்சுன்னா பசி இருந்தாலும் மீன் இடம் மாறும், ஏன்னா சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி. 20 டிகிரி செல்சியஸ்ல ஒரு லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 9 மில்லிகிராம் ஆக்சிஜனை பிடிச்சு வைக்கும், அதே 30 டிகிரியில ஏழரை தான் வைக்கும், ஆனா மீனோட உடம்புக்கு சூட்டுல இன்னும் அதிகமா தேவைப்படும். அதனால தண்ணி கல்லுல மோதி வெள்ளையா நுரைச்சு சலசலன்னு ஓடுற இடத்துக்கு ஏறி வந்துரும், ரெண்டடி ஆழம் கூட இருக்காது, ஆனா மீன் அங்க தான் நிக்கும். நாம ஆழமா அமைதியா இருக்கற மடுவுல ஜிக்கை உருட்டிக்கிட்டே இருப்போம்.

ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. பாசியும் தண்ணிச் செடியும் அடர்ந்து கிடக்குற தேங்குன பகுதியில ராத்திரி பூரா செடிங்க ஆக்சிஜனை இழுத்துக்கும், அதனால விடியிற நேரத்துல தான் அங்க ஆக்சிஜன் ரொம்பக் கம்மி. "விடியக்காலை தான் பெஸ்ட்"ன்னு கேள்விப்பட்டு அந்த தேங்குன தண்ணியில போய் நின்னா ஒண்ணும் கிடைக்காது, அதே விடியக்காலையில சலசலப்பு முடியிற இடத்துல, வேகத் தண்ணி மடுவுக்குள்ள இறங்குற வாய்ல நின்னு போட்டா கதையே வேற.

அந்த மாதிரி ஆழமில்லாத வேகத் தண்ணிக்கு வேகமா தேடுற லூர் வேணும். வூப்பர் ப்ளாப்பர், சின்ன க்ராங்க்பெய்ட், ஸ்விம்பெய்ட், இல்லன்னா மெப்ஸ் மாதிரி இன்லைன் ஸ்பின்னர் (நேர்க் கம்பியில ப்ளேடு சுத்துற லூர்). மேல் பக்கம் குறுக்குச் சாய்வா போட்டு ஓட்டத்தை விட கொஞ்சமே வேகமா இழுத்துட்டு வாங்க. வெயில் ஏறி உச்சிக்கு வந்துட்டா பாறைத் திட்டோட நிழல் பக்கம், மரம் கவிஞ்ச கரை, பாலத்துத் தூண் நிழல், இங்க மட்டும் வேகத்தை குறைச்சு ட்யூப் இல்ல நெட் ரிக். ஒரு இடத்துல பத்து பன்னெண்டு காஸ்ட் நல்லா போட்டும் எதுவும் இல்லைன்னா லூரை மாத்தாம இடத்தை மாத்துங்க, கோடையில ஆத்துல மீன் பரவி கிடக்கறதில்ல, சில இடங்கள்ல நெருக்கமா நிக்கும், மத்த இடமெல்லாம் வெறும் தண்ணி.

ஒவ்வொரு காஸ்ட்டுக்கும் ஜிக் கல்லுல மாட்டுது

இது தான் நான் அதிகமா பாக்குற பிரச்சனை, இதனாலயே நிறைய பேர் ஆத்து மீன்பிடிப்பையே விட்டுட்டு ஏரிக்கு போயிடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். காரணம் எப்பவுமே ஒண்ணு தான், எடை அதிகம். ஏரியில 1/4 அவுன்ஸ் போட்டு பழகினவங்க அதையே மூணடி ஆழ ஆத்துல போடுறாங்க. ஜிக் விழுந்ததும் நேரா ரெண்டு கல்லு இடுக்குக்குள்ள போய் உக்காந்துக்கும். அங்க தண்ணி தான் லூரை நகத்தணும், நாம இல்ல. மூணடி ஆழம், மிதமான ஓட்டம்னா 1/8-ல ஆரம்பிங்க, மாட்டுச்சுன்னா 3/32, இன்னும் மாட்டுச்சுன்னா 1/16. சரியான எடைன்னா கையில இப்படி தெரியும்: டிக், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, டிக், ஒண்ணுமில்ல, டிக். அடியை அங்கங்க தொட்டுட்டு போகணும், உரசிக்கிட்டே போகக்கூடாது.

அடுத்தது நிக்கிற கோணம். கீழ்ப்பக்கம் போட்டு ஓட்டத்துக்கு எதிரா இழுத்தா ஜிக் ஒவ்வொரு கல்லோட பின்பக்கத்துலயும் கொக்கி போட்டுக்கும். மேல்பக்கமா, மணி பத்து இல்ல பதினோரு திசையில போட்டு ராட் முனைய உயத்தி பிடிச்சு, ஜிக் நம்மள நோக்கி மிதந்து வர வர தொய்வை மட்டும் சுத்தி எடுங்க. லைன்ல காத்துல பறக்குற பட்டத்து நூல் மாதிரி தொப்பை விழுந்துச்சுன்னா அந்த தொப்பைய தண்ணி பிடிச்சு இழுத்து ஜிக்கை தாறுமாறா கொண்டு போகும், ராட்டை தூக்கிப் பிடிக்கறது அதுக்காகத்தான்.

உருவமும் உதவும். ட்யூபுக்கு உள்ளயே ஈயத்தலை போற மாதிரி ஜிக் போட்டா முனை வழவழன்னு இருக்கும், கல்லுல வழுக்கி வரும், கூடவே விழும்போது சுத்திச் சுத்தி விழும், அது ஸ்மால்மவுத்துக்கு ரொம்ப பிடிக்கும். நெட் ரிக்குல காளான் மாதிரி தட்டையான தலை, ப்ளாஸ்டிக் மிதக்குற ஜாதி, அதனால அடியில உக்காந்தாலும் வால் மேல நிமிந்து நிக்கும், முள்ளும் மேல் நோக்கியே இருக்கும், மாட்டறது கம்மி. ரொம்ப மோசமான பாறைக் காடுன்னா ஜிக்கையே விட்டுடுங்க, எடையே போடாத சென்கோவ முள் மறைச்சு கட்டி மிதக்க விடுங்க, அது அடிக்கு போற அவசியமே இல்ல.

மாட்டினா வெடுக்குனு இழுக்காதீங்க, முள் இன்னும் உள்ள இறங்கும். லைனை தளர விட்டு மேல்பக்கம் நடந்து போய், போன வழியே திரும்பி வர்ற மாதிரி இழுத்தா முக்கால்வாசி வந்துரும்.

ஜிக் அடியையே தொடல

மேல சொன்னதுக்கு நேர் எதிர். எடைய கூட்டறதுக்கு முன்னாடி இன்னும் மேல்பக்கமா தள்ளி போட்டு இறங்க நேரம் குடுங்க. அதுலயும் தொடலைன்னா லைன் தடிமனா இருக்கான்னு பாருங்க, 12 பவுண்ட் மோனோ (சாதா நைலான் லைன்) மாதிரி தடிச்ச லைனை தண்ணி தூக்கிட்டே போகும். அப்புறம் தான் 3/16, 1/4. ப்ளாஸ்டிக்கும் எடையை பாதிக்கும், நிறைய காலும் கொடுக்கும் வச்ச க்ரேஃபிஷ் உருவம் மெதுவா இறங்கும், அதே தலையில மெல்லிசான புழு கிடுகிடுன்னு இறங்கும்.

பின்னாடியே வருது, கிட்ட வந்ததும் திரும்பிடுது

இது நல்ல அறிகுறி, மனசு விடாதீங்க. இடமும் ஆழமும் சரியா இருக்கு, லூர் மேல ஆசையும் இருக்கு, கடைசி நேரத்துல எதையோ பாத்து சந்தேகப்படுது. கோடையில தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கிடக்கும், மீனுக்கு லூரை ஆற அமர பாக்க நேரம் கிடைக்குது, அந்த நேரத்தை குறைக்கணும். வேகத்தை கூட்டுங்க. மெதுவா பண்ணினா தான் எடுக்கும்னு நினைப்போம், ஆனா பின்தொடர்ற மீனுக்கு முன்னாடி லூர் திடீர்னு பறிச்சுக்கிட்டு ஓடினா யோசிக்காம பாயும். அதுக்கும் வரலைன்னா நேரெதிர், ஜெர்க்பெய்ட்டையோ ஃப்ளூக்கையோ ரெண்டு வெட்டு வெட்டிட்டு அப்படியே நிறுத்தி சாக விடுங்க.

நிறுத்தும்போது லூர் என்ன பண்ணுதுங்கறது இங்க முக்கியம். சஸ்குவெஹன்னா கரையில மிடில்டவுன்ல இருந்த பாப் க்ளவுசர் இந்த ஆத்து ஸ்மால்மவுத்துக்காகவே ஒரு ஈத்தூண்டில் கட்டினார், தலைக்குக் கிட்ட டம்பெல் மாதிரி ஈயக்கண் வச்சு, இழுத்தா முன்னாடி பாயும், விட்டா மூக்கு குத்தி கீழ இறங்கும், ஒரு நொடி கூட அசையாம இருக்காது. உலகம் பூரா இன்னிக்கு க்ளவுசர் மின்னோன்னு கட்டுறாங்க. ஸ்பின்னிங் ராட்ல அதே வேலைய வாங்கணும்னா ஃப்ளூக்கையோ சின்ன ஸ்விம்பெய்ட்டையோ 1/16 அவுன்ஸ் தலையில கட்டுங்க, நிறுத்தும்போதெல்லாம் மூக்கு குத்தி இறங்கும், பின்னாடி வந்த மீன் அந்த இறக்கத்துல தான் வாய வைக்கும்.

அப்பவும் திரும்புதுன்னா சைஸை ஒரு படி இறக்குங்க, அஞ்சு இன்ச் சென்கோவ நாலா மாத்துங்க. லீடர் நீளத்தையும் பாருங்க, ப்ரெய்ட் நேரா லூர்ல கட்டியிருந்தா தெளிஞ்ச தண்ணியில அது கயிறு மாதிரி தெரியும், ஏழெட்டு அடி ஃப்ளூரோ இருக்கட்டும். கலருக்கு இங்க தான் ஒரு வேலை இருக்கு: பளபளன்னு இருக்கற சில்வர், சார்ட்ரூஸை (பளிச்சுனு மஞ்சள் பச்சை) எடுத்துட்டு பச்சை பூசணி, வாட்டர்மெலன், புகைக் கலர் போடுங்க. இன்னொண்ணு, நீங்க தண்ணிக்குள்ள இறங்கி நிக்கறவரா இருந்தா மீன் லூரை பாத்து திரும்பல, உங்கள பாத்து திரும்புது. தொலைவா போடுங்க, சூரியனுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க, உங்க நிழல் தண்ணியில விழும், கால்ல கல்லை உருட்டாதீங்க.

மேல மிதக்குற லூரை பாய்ஞ்சு அடிக்குது, ஆனா மாட்டல

பாத்ததும் நெஞ்சு அடிச்சுக்கும், கையும் தானா இழுத்துரும், அது தான் முதல் காரணம். தண்ணி வெடிக்கறதை பாத்து இழுக்காதீங்க, கையில கனம் தெரிஞ்ச பிறகு இழுங்க. சொல்றது சுலபம், பழகறதுக்கு ஒரு வழி இருக்கு: லூரையே உத்துப் பாக்காம அதுக்கு ரெண்டு மூணு அடி தள்ளி பாருங்க.

அடிச்சு தப்பினதும் நிறைய பேர் லூரை வேகமா சுத்தி எடுத்துட்டு மறுபடி போடுவாங்க, அதுக்குள்ள மீன் போயிருக்கும். அடிச்சும் லூர் அங்கயே இருந்தா அதே தாளத்துல தொடர்ந்து இழுங்க, பல சமயம் ரெண்டாவது அடி வரும். வரலைன்னா ரெண்டாவது ராட்ல எடையில்லாத சென்கோ தயாரா இருக்கட்டும், அடிச்ச இடத்துக்கு ரெண்டடி மேல்பக்கம் போட்டு சும்மா விடுங்க. நூத்துக்கு இத்தனைன்னு கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா கோடை சாயங்காலத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச மீன்கள் இப்படி வந்தது தான்.

திரும்பத் திரும்ப தப்புச்சுன்னா லூர் பெருசுன்னு அர்த்தம், 110 சைஸ் ப்ளாப்பர் போட்டிருந்தா 90-க்கோ 75-க்கோ இறங்குங்க. சத்தமும் இடத்துக்குப் பொருந்தணும். நுரைச்சு ஓடுற தண்ணியில ப்ளாப்பரோட கொடகொட சத்தம் மேலேறி கேக்கும், சரி. ஆனா கண்ணாடி மாதிரி நிக்கிற மடுவுல அதே சத்தத்துக்கு மீன் மூக்கால இடிச்சுட்டு போயிரும், அங்க பாப்பர் போட்டு ஒரு தடவை ப்ளுக், வட்டம் அடங்குற வரைக்கும் சும்மா, மறுபடி ப்ளுக். இல்லன்னா நாய் நடக்கற மாதிரி இடம் வலம்னு போற பென்சில் லூர்.

லைனையும் பாருங்க. ஃப்ளூரோகார்பன் முழுகற ஜாதி, பாப்பரோட மூக்கை கீழ இழுத்து அசைவை கெடுத்துரும், மேல் லூருக்கு ஒண்ணரை ரெண்டடி மோனோ லீடர் தான் சரி. ப்ரெய்ட்டை நேரா கட்டினா அது தொளதொளன்னு முன்னாடி ட்ரெபிள்ல (மூணு முள் சேந்த கொக்கி) சுத்திக்கும். பின் ட்ரெபிள் நகத்துல வச்சு இழுத்தா கீறணும், வழுக்குச்சுன்னா தீட்டுங்க இல்ல மாத்துங்க, பாறை ஆத்துல ஒரே நாள்ல மழுங்கிரும்.

டொக்கு டொக்குன்னு தட்டுது, இழுத்தா வெறும் முள், ப்ளாஸ்டிக் வால் பிஞ்சிருக்கு

ரெண்டுல ஒண்ணு. வால் சுத்தமா வெட்டின மாதிரி போயிருந்தா அது சின்ன மீன் வேலை, ராக் பாஸோ சன்ஃபிஷோ, அந்த இடத்தை விட்டு இழுப்பு அதிகமான பக்கம் நகருங்க. வால் முழுசா இருந்து ப்ளாஸ்டிக் மட்டும் கீழ இறங்கி சுருண்டிருந்தா ஸ்மால்மவுத் பின்னாடி இருந்து உறிஞ்சி பாத்துட்டு துப்பியிருக்கு, முள் தொலைவா இருக்கு. ப்ளாஸ்டிக்கோட தலைப் பக்கத்தை அரை இன்ச் வெட்டி குட்டையாக்குங்க, இல்லன்னா நெட் ரிக்குக்கு மாறுங்க, அதுல முள்ளு உடம்போட நடுவுக்கே வந்துரும். தொய்வோட மிதக்க விடும்போது கொத்து கையில தெரியாது, லைன் தண்ணியில நுழையற இடத்தை பாத்துக்கிட்டே இருங்க, ஓட்டத்தை விட்டு பக்கவாட்டுல நகந்தாலோ சட்டுனு நின்னாலோ இழுத்துருங்க.

வர்றதெல்லாம் எட்டு இன்ச் குட்டி

குட்டி வருதுன்னா லூர் வேலை செய்யுது, இடம் தான் குட்டிகளோடது. ஓரத்து ஆழமில்லாத கல்லுல குட்டிங்க தான் இருக்கும். பெருசுங்க ஒரு இடத்தோட தலைமாட்டை பிடிச்சுக்கும்: ஆத்துக்குக் குறுக்க போற பாறைத் திட்டுல எங்க வெட்டு இருக்கோ, அதுவழியா தண்ணி குவிஞ்சு பாயுதோ, அந்த வாய்க்கு உடனே கீழ இருக்கற குழி. பெரிய கல்லோட பின்னாடி சுழியில மட்டும் போடாம முன்பக்கமும் போடுங்க, தண்ணி கல்லுல மோதி பிரியற இடத்துல ஒரு மெத்தை மாதிரி மெதுவான பகுதி இருக்கும், நிறைய பேர் தொடாத இடம் அது.

அப்புறம் சைஸ். நாலரை இன்ச் ட்யூப், அஞ்சு இன்ச் ஃப்ளூக், 3/8 அவுன்ஸ் ஸ்விம் ஜிக். சஸ்குவெஹன்னாவுல ரஸ்டி க்ரேஃபிஷ்னு ஒஹையோ ஆத்துப் பக்கத்துல இருந்து வந்து பரவின ஜாதி இருக்கு, முரட்டுக் கொடுக்கு, உடம்புக்கு ரெண்டு பக்கமும் துரு நிறத்துல ஒரு புள்ளி. பெரிய ஸ்மால்மவுத் இதை கல்லைப் புரட்டாத குறையா தேடித் தின்னும். பழுப்பும் பச்சையும் கலந்து கொஞ்சம் ஆரஞ்சு தட்டின ட்யூபை அடியில சட்டுனு ஒரு அடி நகத்தி நிறுத்தி, மறுபடி நகத்துங்க, பயந்து பின்னாடி பாயற க்ரேஃபிஷ் அப்படித்தான் போகும். கடி எண்ணிக்கை குறையும், அதை தாங்கிக்கணும்.

மழை பெஞ்சு தண்ணி கலங்கிருச்சு

கிளம்பறதுக்கு முன்னாடி யு.எஸ்.ஜி.எஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பு) தளத்துல உங்க ஆத்துக் கேஜை (நீர்மட்ட அளவுமானி) பாருங்க, உயரம் அடியிலயும் ஓட்டம் நொடிக்கு எத்தனை கன அடின்னும் ஓடிக்கிட்டே இருக்கும். கோடு செங்குத்தா ஏறிக்கிட்டு இருந்தா போகாதீங்க, இதுல மீனை விட உயிர் முக்கியம், இறங்கி நடக்கற ஆளுங்களுக்கு ஏற்ற தண்ணி ஆபத்து. உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிச்சதும் போங்க, அந்த நேரத்துல மீனெல்லாம் கரையோரத்துக்கு ஒதுங்கி நிக்கும், முழங்கால் அளவு தண்ணியில கூட.

இங்க மீன் கண்ணால தேடாது, அதிர்வுல தேடும். உருண்டையான கொலராடோ ப்ளேடு வச்ச ஸ்பின்னர்பெய்ட், மெதுவா, கரைக்கு இணையா. வெள்ளையும் சார்ட்ரூஸும் கலந்தது, ரொம்ப கலங்கலா இருந்தா கறுப்பு. மற்ற எந்த அறிகுறியிலயும் கலர் கடைசின்னு சொன்னேன், கலங்கல்ல மட்டும் அது ரெண்டாவது இடத்துக்கு வந்துரும்.

ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ஜூனியாட்டா டங்கனன்ல வந்து சேந்தாலும் அந்தத் தண்ணி ரொம்ப தூரத்துக்கு மேற்குக் கரையோரமாவே தனியா ஓடும், கிழக்குப் பக்கத் தண்ணியோட உடனே கலக்காது. அதனால மழை ஒரு ஆத்துல மட்டும் பெஞ்சிருந்தா ஒரு கரை கலங்கி இருக்கும், எதிர்க்கரை தெளிவா இருக்கும். ரெண்டு கேஜையும் பாத்துட்டு எந்தக் கரைக்குப் போறதுன்னு முடிவு பண்ணுங்க. கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோடு கண்ணுக்கே தெரிஞ்சா ஃப்ளூக்கை தெளிஞ்ச பக்கத்துல இருந்து கோட்டை ஒட்டி இழுங்க.

லூர்ல பாசியும் புல்லும் சுத்திக்கிட்டே வருது

ஜூலை கடைசிக்கு மேல புல் பிச்சுக்கிட்டு மிதந்து வரும். ட்ரெபிள் இருக்கற எல்லாத்தையும் உள்ள போட்டுடுங்க. முள் மறைச்ச ஃப்ளூக், முள் மறைச்ச சென்கோ, மேல பஸ்பெய்ட், இது மூணு தான். புல் திட்டுக்கு நடுவுல ஓடுற வாய்க்கால் மாதிரி சந்து இருக்கும், ஃப்ளூக்கை அதோட நீளத்துக்கே இழுங்க, குறுக்க இழுக்காதீங்க. ராட்டை உயத்தி லைனை தண்ணியில படாம வச்சா பாதி புல் ஒட்டாது.

சாயங்காலம் ஆறு பூரா மீன் குதிக்குது, நம்ம லூரை மட்டும் சீண்டல

பூச்சி இறங்கியிருக்கு. ஜூலை கடைசி, ஆகஸ்ட் அந்தி நேரத்துல வெள்ளை மேஃப்ளை பனி மாதிரி இறங்கும். மேஃப்ளை கூட்டம் எவ்வளவு அடர்த்தியா வரும்னா, 2015 ஜூன்ல சஸ்குவெஹன்னாவுக்குக் குறுக்க கொலம்பியா, ரைட்ஸ்வில் ஊர்களை இணைக்கற பாலத்துல பூச்சி குவிஞ்சு வழுக்கி மோட்டார் சைக்கிள்கள் விழுந்து, பாலத்தையே கொஞ்ச நேரம் மூட வேண்டியதாச்சு. இந்த நேரத்துல மீன் மேல சின்னதா, அசையாம மிதக்கறதை மட்டும் உறிஞ்சிக்கிட்டு இருக்கும், இழுத்துட்டு போற லூர் எதுவும் அதுக்கு இரையாவே தெரியாது. ஃப்ளை ராட் இருந்தா வெள்ளை பாப்பரை ஓட்டத்தோட விடுங்க. ஸ்பின்னிங் தான்னா ரெண்டு இன்ச் வெள்ளை க்ரப்பை (சின்ன புழு உருவ மெத்து ப்ளாஸ்டிக்) 1/16 தலையில, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ, சுத்தாமலே மிதக்க விடுங்க. இன்னொரு வழி, மேல சின்னதுங்க ஆடட்டும்னு விட்டுட்டு அடியில ட்யூபை போடுங்க, பெருசுங்க சில சமயம் கீழ நின்னு அந்த பொடி மீன்களை தான் பாத்துக்கிட்டு இருக்கும்.

மாட்டுது, துள்ளுது, துப்பிட்டு போயிருது

ஸ்மால்மவுத் துள்ளத்தான் செய்யும். லைன் தண்ணியிலேர்ந்து மேல கிளம்பறது தெரிஞ்ச உடனே ராட் முனைய தண்ணிக்கு கிட்ட இறக்கி பக்கவாட்டா இழுங்க. க்ராங்க்பெய்ட், ப்ளாப்பர் மாதிரி கனமான லூரை தலைய ஆட்டி வீசி எறிஞ்சிரும், அதுக்கு ட்ரெபிளை எடுத்துட்டு ஒத்தை முள் போட்டா பிடிப்பு நல்லா இருக்கு, கழட்டறதும் சுலபம், மீனோட கண்ணும் பிழைக்கும்.

விட்ட மீன் நீந்தாம சாயுது

80 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணியில இது நடக்கும். ரொம்ப மெல்லிசான லைன்ல ரொம்ப நேரம் இழுத்து களைப்பாக்கினது காரணம். 6 பவுண்டை கழட்டி 10 பவுண்ட் லீடர் போட்டு சீக்கிரம் கரை சேருங்க, கையை நனைச்சுட்டு பிடிங்க, ஓடுற தண்ணியில தலைய மேல்பக்கம் காட்டி நிமிந்து நிக்கிற வரைக்கும் பிடிச்சிருங்க, போட்டோவுக்கு நொடி கணக்குல தான் வெளிய. சஸ்குவெஹன்னாவுல 2005-லிருந்து குட்டி ஸ்மால்மவுத்துங்க கோடையில நோய் வந்து கூட்டமா செத்து அந்த ஆத்து மீன்வளமே ஆடிப்போச்சு, அதுக்கப்புறம் தான் சன்பரியிலிருந்து ஹோல்ட்வுட் அணை வரைக்கும் பாஸை பிடிச்ச உடனே விடணும்னு விதி வந்தது. நீங்க போற பகுதிக்கு என்ன விதின்னு பென்சில்வேனியா மீன், படகு ஆணையத்தோட அந்த வருஷக் கையேட்டுல பாத்துட்டு போங்க. பின்மதியம் தண்ணி 85-ஐ தொட்டுட்டா நான் ராட்டை மடிச்சிருவேன், மறுநாள் விடியலுக்கு வந்துக்கலாம்.

லைன் முறுக்கி சுருண்டுக்கிட்டு வருது

இன்லைன் ஸ்பின்னர் தான் குத்தவாளி. அதுக்கு ஒரு அடி முன்னாடி தரமான சின்ன ஸ்விவல் கட்டுங்க, ப்ளேடு சுத்த ஆரம்பிக்கற குறைஞ்ச வேகத்துல இழுங்க. ஏற்கனவே முறுக்கிருச்சுன்னா லூரை கழட்டிட்டு வெறும் லைனை ஓட்டத்துல கீழ்ப்பக்கம் நீளமா விட்டு ரெண்டு நிமிஷம் வச்சு, விரலால அழுத்தி பிடிச்சு சுத்துங்க, சரியாயிரும்.

டப்பாவுல ப்ளாஸ்டிக்கெல்லாம் உருகி ஒட்டிக்கிச்சு

நெட் ரிக்குக்கு போடுற எலாஸ்டெக் ப்ளாஸ்டிக் வேற ரசாயனம், சாதா சென்கோ, ட்யூபோட ஒரே அறையில போட்டா ரெண்டும் கரைஞ்சு பசையாயிரும். வாங்கின பாக்கெட்லயே வச்சு தனியா எடுத்துட்டு போங்க, முள்ளுல கோத்ததையும் நாள் முடிஞ்சதும் கழட்டி அந்த பாக்கெட்டுக்குள்ளயே போட்டுடுங்க. கார் டிக்கியில வெயில்ல விட்டா எந்த ப்ளாஸ்டிக்கும் வளைஞ்சு போகும், வளைஞ்ச ட்யூப் விழும்போது சரியா சுத்தாது. வளைஞ்சதை தூக்கிப் போடாம கொஞ்ச நேரம் சுடுதண்ணியில போட்டு நேரா படுக்க வச்சு ஆற விட்டா பழையபடி வந்துரும்.